துடைக்காத எஞ்சின்

இன்று காலை கை துடைத்த கந்தலில் பெட்ரோல் வாடை அடித்தது. அதைக் கையில் வைத்தபடியே கார் ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் அப்படித்தான், மாப்ள. உட்கார ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். பெட்ரோல் ரேஷன் கூப்பனும் ஒழியவில்லை, என் முழங்கால் வலியும் ஒழியவில்லை. நீ போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

யுத்தம் நடந்தபோது நான் ஒரு பஞ்சு வியாபாரியின் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு அந்தக் கார் மறந்திருக்காது. திருமங்கலத்துக்கும் உசிலம்பட்டிக்குமாகக் கரிசல் புழுதியில் அலைந்த வண்டி. சூடேறினால் விக்கும், மேடு வந்தால் நின்றே போகும். போதாததற்கு, கூப்பனுக்கு வாங்கிய பெட்ரோல் மாசம் முடியுமுன்பே தீர்ந்துபோனது. கணக்குப்பிள்ளை இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்.

"பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெயை ஊத்துறான். பின்ன வண்டி விக்காம என்ன செய்யும்?"

முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் செல்லூரில் உன் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிடுவது, கலப்படம் என்றால் போலீசுக்குச் சொல்வது என்று முடிவு செய்தார்.

அன்று சோறு போடும்போது என் மனைவி கேட்டாள்: "நெசமாவே நீங்க எடுக்கலையா?"

"எடுக்கல" என்றேன். தலையாட்டினாள். அது நம்பிவிட்ட தலையாட்டல் இல்லை. கணக்குப்பிள்ளை சொன்னதைவிட அதுதான் என்னை அறுத்தது.

மறுநாள் வண்டி விக்கி விக்கி உன் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பின் இருக்கையில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும். நானும் நீயும் ஒரே பஸ் கம்பெனியில் வண்டி கழுவிப் பிழைக்க வந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். 'இவன் அப்படிப்பட்டவன் இல்லை' என்று நீ முதலில் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ சொல்லவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பானெட்டைத் தூக்கினாய்.

"டேங்கை இறக்கிப் பாருய்யா" என்றார் கணக்குப்பிள்ளை.

"பாப்போம். மொதல்ல யாரும் எதையும் தொடாதீங்க."

எஞ்சின் முழுக்கப் புழுதி அப்பியிருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. பழக்கதோஷத்தில் கந்தலை எடுத்துத் துடைக்கப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாய்.

"தொடைக்காத மாப்ள! தொடச்சுட்டா அப்புறம் நான் எதைப் பாக்குறது?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நீ வண்டியைச் சுற்றி வந்தாய். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய், தொடாமலே. கார்புரேட்டர் பக்கம் குனிந்தாய். பிறகு மறுபக்கம் போய், கண்ணாடித் துண்டு ஒன்றால் வெயிலை உள்ளே திருப்பினாய். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே வெகுநேரம் குனிந்திருந்தாய்.

"ஐயா, இங்க வந்து பாருங்க."

எஞ்சினுக்குப் பின்னால், பெட்ரோல் குழாயை வண்டிச் சட்டத்தோடு பிணைத்திருந்த இடம். எல்லா இடமும் புழுதி மூடியிருக்க, அங்கே மட்டும் ஒரு விரலகலத்துக்குக் கழுவிவிட்டது போலிருந்தது. அதன் ஓரத்தில் புழுதி ஈரத்தில் குழைந்து கறுப்பாகக் காய்ந்திருந்தது. அதற்கு மேலே, குழாயில் மயிரிழை போல ஒரு கீறல்.

"ஓடுறப்ப அதிர்வுல வாய் தொறக்குது. ஒழுகுற பெட்ரோல் சூட்டுல ஆவியாப் போயிருது. தரையில ஒரு சொட்டு இருக்காது. எஞ்சினுக்குப் போதாம விக்குது." அதன் பிறகுதான் நீ என்னைப் பார்த்தாய். "இம்புட்டு நாளும் தீப்பிடிக்காம ஓட்டிட்டு வந்திருக்கியே மாப்ள."

கணக்குப்பிள்ளையும் குனிந்து பார்த்தார். டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து மோந்து பார்க்கச் சொன்னாய், அதையும் செய்தார். மண்ணெண்ணெய் வாடை இல்லை. முதலாளி, "சரி, குழாயை மாத்து" என்றார். அவ்வளவுதான். மறுநாளும் அதே காரைத்தான் எடுத்தேன். வேறு வேலை எங்கே இருந்தது?

அன்று ஷெட்டை அடைத்ததும் உன்னோடு சண்டை போட்டேன். "முன்னாடியே எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கூட்டாளிக்காகப் பேசுறான்னு தள்ளியிருப்பாங்க. அதோட, பாக்காம நான் எப்படிடா சொல்றது?" என்றாய். பிறகு, "வா, ஒன் வீட்டுக்குப் போவோம்."

வைகைப் பாலம் தாண்டி வில்லாபுரம் வரைக்கும் நடந்தோம். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தவன் நீ. உனக்கும் கால் இழுத்தது. வாசலில் நின்றபடியே கூப்பிட்டாய்.

"தங்கச்சி, வண்டியை நான் பாத்துட்டுத்தான் வாரேன். குழாயில கீறல். இவன் எடுக்கல."

அவள் உன்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் நம் இருவருக்கும் சோறு போட்டாள். சாப்பிடும்போது நான் அழுததை நீ கவனிக்காதது போலிருந்தாய்.

போன ஆடியில் நெஞ்சுச் சளி உன்னைக் கொண்டுபோன சேதி வந்தபோது, என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். அழுகை ஓய்ந்து வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "அண்ணே அன்னிக்கு வராம இருந்திருந்தா, நான் இன்ன வரைக்கும் நெசமாவே எடுக்கலையான்னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னாள். எவ்வளவு அலுத்துப்போய் வீடு திரும்பினாலும், அவள் முகத்தைப் பார்த்துச் சோறு தின்ன முடிகிறது, மாப்ள. அது நீ கொடுத்தது.