வலக்கண்ணின் பழைய படம்

9 பிப்ரவரி 2004, திங்கள்

கண்ணாடியின் பவரை மாற்றத்தான் போனேன். டாக்டர் வலக்கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார். பிறகு வெகுநேரம் உள்ளே பார்த்தார். விழித்திரைக்கு அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதாம். வெறும் மச்சமாக இருக்கலாம். புற்றாகவும் இருக்கலாம். வளர்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். "முன்னால் எப்போதாவது கண்ணுக்குள் படம் எடுத்திருக்கிறீர்களா? பழையது ஒன்று இருந்தால் இன்றைக்கே தெரிந்துவிடும்" என்றார்.

எடுத்திருக்கிறேன். தொண்ணூற்று நாலில், பக்கத்துத் தெரு கிளினிக்கில். கிளினிக் மூடிப் பல வருடம் ஆகிறது. படத்தை ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.

10 பிப்ரவரி

ஆபீஸுக்கு லீவு. மனைவி கோமதி பீரோவையே கவிழ்த்து, எல்.ஐ.சி. காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தாள். என் பெயரும் 'வலது' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

14 பிப்ரவரி, சனி

ஜாதவ்பூர் கம்ப்யூட்டர் கடைக்காரன் எந்தெந்த மென்பொருளிலோ திறந்து பார்த்தான். ஒன்றிலும் திறக்கவில்லை. அந்தக் கேமரா கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட ஏதோ ஒரு வகை ஃபைல். கம்பெனியும் இப்போது இல்லை. "ஃபைல் கெட்டுப் போயிருக்கிறது, தாதா" என்று, வங்காளி வழக்கப்படி அண்ணா போட்டு, திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் சொன்னதும் பட்டு ஃப்ளாப்பியை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"கெடலை அத்திம்பேர். முழுசா காப்பி ஆறது. தனக்குத் திறக்கத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும் அவன்."

பட்டு கோமதியின் தங்கை. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாமென்று பதினைந்து வருடமாக எங்களோடு இருக்கிறாள். அந்தக் கம்ப்யூட்டரை அவள் வாங்கியபோது, பொழுது போகாதவர்களுக்கான பொம்மை என்று நினைத்தேன். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன்.

17 பிப்ரவரி

பள்ளியிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் ஒரு தாளோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஃபைல்ல மொத்தம் 2,46,784 எண் இருக்கு. அதை வகுத்துப் பாத்தேன். 241 பெருக்கல் 1024. 241 பகா எண், அதை வச்சு யாரும் படம் பண்ண மாட்டா. அதனால முதல் 1024 படமில்லே, பேர், தேதி மாதிரி ஏதோ முகவுரை. அதைக் கழிச்சா 2,45,760. மிச்சமெல்லாம் புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளி எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்புன்னு சொல்றது."

"அப்போ படம் வந்துடுமா?"

"ஒரு வரிக்கு எத்தனை புள்ளின்னு தெரியணும். தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன்."

இப்படி ஒருத்தி பேசினால் பயம் கொஞ்சம் குறைகிறது. ஏன் என்று தெரியவில்லை.

19 பிப்ரவரி

வரிக்கு 640 என்று வைத்தாள். திரை முழுக்கச் சாய்வான கோடுகள், மழை மாதிரி. சலித்துக்கொள்ளவே இல்லை. "தப்புன்னு தெரிஞ்சுது, நல்லது" என்றாள்.

21 பிப்ரவரி, சனி

512 வைத்ததும் கோடுகள் நின்றன. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக, சப்பையாக நசுங்கிய இரண்டு கண்கள். கெட்டுத்தான் போயிருக்கிறது என்று நான் எழுந்துவிட்டேன். அவள் திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கண்தான். அந்தக் கேமராக்காரன் ஒத்தைப்படை வரியெல்லாம் முதல்ல எழுதிட்டு, இரட்டைப்படை வரியெல்லாம் பின்னாடி எழுதியிருக்கான். பின்னல் மாதிரி மாத்தி மாத்திக் கோக்கணும், அவ்வளவுதான்."

சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். கோமதி காப்பி கொண்டு வருவதற்குள் அது வந்துவிட்டது. ஒரே கண். நரம்பு உள்ளே வருகிற வெள்ளை வட்டம், அதிலிருந்து கிளை பிரியும் ரத்தக் குழாய்கள், ஓரத்தில், அன்றைக்கு யாரும் என்னிடம் சொல்லாத அந்தப் புள்ளி. பத்து வருடத்துக்கு முந்தைய நான். உலகத்தில் எந்த மென்பொருளுக்கும் திறக்காத கதவை வகுத்தல் கணக்கால் திறந்துவிட்டாள்.

22 பிப்ரவரி

காலையில் பட்டு சிரிக்கவில்லை. ஒன்பதாம் தேதி டாக்டர் எடுத்துக் கொடுத்த படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"டாக்டர்தான் சொல்லணும். ஆனா நான் அளந்துட்டேன், அளந்தப்புறம் மறைக்கத் தெரியாது. அந்த வெள்ளை வட்டத்தை அளவுகோலா வச்சுண்டா, அப்போ புள்ளி அந்த வட்டம் அளவு. இப்போ கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் வட்டம். ரெண்டு பக்கமும் அளந்தேன். வளர்ந்திருக்கு அத்திம்பேர்."

கோமதி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "எதுக்குடீ அதைத் தோண்டினே? திறக்காமலே இருந்திருக்கலாமே." அழுதாள். பட்டு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. நாளைக்கு என்ன — நாளன்னைக்கு என்ன — கண்ணு போயிடுமோ, உசிரே போயிடுமோ. ஆனால் எனக்குப் பொய் சொல்லாத ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள்.

24 பிப்ரவரி

டாக்டர் முதலில் நம்பவில்லை. இது இவர் கண்தான் என்பதற்கு என்ன சாட்சி என்றார். பட்டு இரண்டு படத்திலும் ரத்தக் குழாய் பிரியும் இடங்களை ஒவ்வொன்றாக விரலால் காட்டினாள். பதினோரு கிளை. பதினொன்றும் பொருந்தின. அவர் தானும் அளந்தார். நாற்காலியைத் திருப்பி, என்னிடம் பேசாமல் அவளிடம் பேசினார்: "மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். உடனே சென்னைக்கு அழைத்துப் போங்கள்."

11 மார்ச், சென்னை

கண்ணுக்குப் பின்னால் கதிர்வீச்சுத் தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நான்கு நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். கோமதி எழுதுகிறாள், நான் சொல்கிறேன். சரியான சமயத்தில் வந்தீர்கள் என்றார் இங்கத்து டாக்டர். கோமதி பட்டுவுக்கு போன் பண்ணினாள். ரொம்ப நேரம் பேசவில்லை. "நீ சாப்டியா?" என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள்.

20 நவம்பர் 2005, ஞாயிறு

வலக்கண்ணில் பார்வை மங்கல்தான், எழுத்து தெரியாது. புள்ளி சுருங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும்.

காலையில் பெஹாலாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். டாக்டர் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாவின் கண்ணில்தான் கோளாறு, அவள் கையில் வேறு ஏதோ கம்பெனியின் ஃப்ளாப்பி. பட்டு அவளைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் தெரியாது என்பேன் என்று வங்காளியில் முதலிலேயே சொன்னாள். கணவர் ஹாலில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னபோது தலையாட்டினாரே தவிர உட்காரவில்லை.

டீ போட்டு எடுத்து வந்தேன். அவர் கை நடுங்கியது. கப்பை நானே பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன், அவர் உட்காரும் வரை.