அழவைத்த அலிஃப் பாட்டு

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை, இந்த மலைப்பனியைத் தவிர.

இங்கே என் பள்ளிப் பிள்ளைகளில் அநேகருக்கு அமாசிக் மொழி மட்டும்தான் தெரியும். அரபி எழுத்து மண்டையில் ஏறவேயில்லை. இவ்வூர்க் கல்யாணத்தில் பெண்கள் பாடிய மெட்டில், அந்தப் பாட்டின் அர்த்தம் எனக்கே தெரியாமல், அலிஃப், பா என்று எழுத்துகளைப் பாடவைத்தேன். மளமளவென்று ஏறிவிட்டது.

நேற்று மேலதிகாரி வந்தபோது பாட்டின் பாதியில் வகுப்பே ஓவென்று அழுதது.

“பிள்ளைங்கள அடிக்கிறியாம்மா?” என்றார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டார். நிறுத்தினால் எழுத்தும் போய்விடுமே உம்மா, நான் என்ன செய்வேன்?

அவர் போனபின், கொஞ்சம் அரபி பேசத் தெரிந்த இத்தோ என்ற சிறுமி சொன்னாள்: “டீச்சர், அது கல்யாணப் பொண்ணு அம்மாவ விட்டுப் போறப்போ பாடுறது. ஆனா நீங்கதானே முதல்ல அழுதீங்க?”

சிரிப்பாக இல்லையா?

கம்பளிக் காலுறையும், அழுகை வராத மெட்டு ஒன்றும் அனுப்புங்கள். பிள்ளைகளுக்குத்தான் கேட்கிறேன். கடிதத்தை வாங்கிப்போக வந்த பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் பஹிஜா