கார் ஷெட்டில் சம்பந்தியம்மா

7 ஜூன் 1981, ஞாயிறு

சாப்பிட்டுக் கை கழுவும்போது மகன் நந்தகோபால் மெதுவாக ஆரம்பித்தான். கார் ஷெட் சும்மாதானே கிடக்கிறது, முன்பக்கம் சுவர் எழுப்பி ஜன்னல் வைத்து ஒரு ரூம் ஆக்கிவிடலாமா என்றான். யாருக்குடா என்று கேட்டேன். மருமகள் சந்திரா தட்டுகளை எடுத்துக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள். அப்போதே புரிந்துவிட்டது. அவள் அம்மா பங்கஜத்துக்கு. புருஷன் இல்லை, ஆண் பிள்ளை இல்லை, திமிரியில் தனியாக இருக்கிறாள். போன மாதம் கண் ஆபரேஷன் ஆயிற்று. சொட்டு மருந்து விடக்கூட ஆள் இல்லையாம்.

வீடு என் பேரில் இருக்கிறது. நான் சரி என்றால்தான் ஒரு செங்கல் நகரும். யோசிக்கிறேன் என்றேன்.

8 ஜூன்

இதில் யோசிக்க என்ன இருக்கு? அது அவர் கட்டின ஷெட். பட்டை மண்டி ஓஹோ என்று நடந்த காலம். ஆம்பூர் வரைக்கும் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை எங்கள் மண்டியிலிருந்துதான் போகும். சத்துவாச்சாரியில் இந்தத் தெருவுக்கு முதலில் வந்த கார் எங்களுடையது. அவரும் போய், காரும் போய் இத்தனை வருஷம் ஆகியும் தபால்காரர் என்னை "கார் ஷெட்டு வீட்டம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். நாளைக்கு "டீச்சரம்மா வீடு" என்பாரா?

அவள் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். நான் அஞ்சாவது. அதனால் என்ன — என் எழுத்து அவள் எழுத்தைவிட அழகு.

14 ஜூன்

பங்கஜம் வந்தாள். கண்ணில் சோடாபுட்டிக் கண்ணாடி. கையில் டிபன் கேரியர். எப்போதும் அப்படித்தான், எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டாள். "பொண்ணு குடுத்த வீட்ல கை நனைக்கறதில்ல சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க." அவள் கேரியரில் இருந்த புளிச்சோற்றை என் பேத்தி அம்சவேணி வழித்து வழித்துத் தின்கிறாள். நான் சுட்ட வடை அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

நந்தகோபால் ரூம் விஷயத்தைச் சொன்னான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "பொண்ணு வீட்ல குந்திக்கினு சாப்பிடற நெலமைக்கு நான் இன்னும் வரல மாப்ள."

நிம்மதி. என் வாயால் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

12 ஜூலை

ஒரு மாதமாக இதே பேஜார். சந்திரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சமைக்கிறாள். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து களைத்து வருகிற பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. இன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"கட்டிக்கோடா. ஆனா வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல கதவு கூடாது. வாசல் தெருப் பக்கம். அடுப்பு தனி. யாரோ குடியிருக்கற மாதிரி இருந்துட்டுப் போவட்டும்."

இதைக் கேட்டால் அவளுக்கு ரோஷம் வரும், திமிரியை விட்டு நகரமாட்டாள்.

15 ஜூலை

சொல்லி அனுப்பிவிட்டாள். "தனி வாசல், தனி அடுப்புன்னா அது பொண்ணு வீடு இல்லையே. வர்றேன்."

என் வாய் இருக்கே, என் வாய்!

ஆடியில் சுவர் எழுப்பக் கூடாது என்றேன். ஒரு மாதமாவது தள்ளட்டும்.

24 ஆகஸ்ட்

ஆவணி பிறந்ததும் மேஸ்திரி வீரபாகு வந்துவிட்டான். இரும்புக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள். நான் பார்க்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

10 செப்டம்பர்

புரட்டாசிக்கு முன்னால் பால் காய்ச்சிக் குடிவந்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. வாசனையாகத்தான் இருந்தது.

2 அக்டோபர்

ஹாலில் என் கட்டிலை ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் ரூம். அம்சா ஸ்கூல் விட்டால் நேரே அங்கே. கணக்கு அங்கே, சாப்பாடு அங்கே. நந்தகோபால் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் அங்கே காபி, அப்புறம்தான் இங்கே. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதில்லை. ஒன்பது அங்குலச் சுவர். நடுவில் கதவு கூடாது என்றது யார்? நான்தான்.

போகலாம். ஆனால் தெருவில் இறங்கி நடந்து சம்பந்தி வாசலில் போய் நிற்பதா? அதுவும் எதிர்வீட்டு நசீமுன்னிசா பார்க்க?

நசீமுன்னிசா இன்று கேட்டே விட்டாள். "இன்னா மீனாம்பாம்மா, உங்க வீட்டு ஜனமெல்லாம் அந்த ரூம்லயே இருக்குது. நீங்க மட்டும் இங்க வாட்ச்மேனா?"

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

18 அக்டோபர்

அம்சாவுக்குப் பிறந்தநாள். பாயசம் அங்கேதான். எனக்குத் தட்டில் வைத்து, இலை போட்டு மூடி, தெரு சுற்றி வந்தது. வெளியாளுக்கு அனுப்புகிற மாதிரி. யார் வீட்டில் யார் வெளியாள்?

ஏலக்காய் ஜாஸ்தி. சாப்பிட்டேன்.

15 நவம்பர்

குடியாத்தத்தில் கல்யாணம் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். மத்தியானம் ஒரே மழை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திடீரென்று சுவரைத் தட்டினாள்.

"சம்பந்தியம்மா, இருக்கீங்களா?"

"எங்க போவேன்? இருக்கேன்."

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்."

மழை வலுத்தது. அப்புறம் அவளே கத்தினாள். "உங்க புள்ள தெனம் இங்க வந்து காபி குடிச்சிட்டு இன்னா சொல்றார் தெரியுமா? 'எங்கம்மா காபி இன்னும் திக்கா இருக்கும்'னு. அந்தப் பொண்ணு இருக்குதே, நான் கணக்குப் போட்டா 'ஆயா இப்படி எழுத மாட்டாங்க, ஆயா நம்பர் அழகா இருக்கும்'ங்குது. கேட்டுக் கேட்டு எனக்குப் பத்திக்கினு வருது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவளுக்குமா? என்னைப் பார்த்தா?

"இன்னொரு தரம் சொல்லுங்க, மழைல கேக்கல" என்றேன். நன்றாகவே கேட்டது.

இருட்டுகிற வரைக்கும் கத்திக் கத்திப் பேசினோம். புருஷன்களைப் பற்றி, கண் ஆபரேஷன் பற்றி, சந்திரா சாம்பாரில் புளி அதிகம் விடுவதைப் பற்றி. தொண்டை கட்டிக்கொண்டது.

16 நவம்பர்

எதிர்வீடு வரைக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. புளி விஷயம் சந்திரா காதுக்கும் போய்விட்டது.

29 நவம்பர்

முந்தாநாள் வீரபாகுவைக் கூப்பிட்டுச் சுவரை இடிக்கச் சொன்னேன். நந்தகோபால் வாயைப் பிளந்தான். "நீதானம்மா கதவே கூடாதுன்ன?" "அப்ப சொன்னேன். இப்ப வேற சொல்றேன். தெருவெல்லாம் கேக்கக் கத்தச் சொல்றியா என்னை?"

இன்று கதவு பொருத்த வந்த சத்தார் பாய், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் போடணும் என்று கேட்டார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு பங்கஜம் அந்தப் பக்கம் நின்றாள். "உங்க வீடு. உங்க பக்கமே போடச் சொல்லுங்க."

"அந்தப் பக்கம் போடுங்க பாய்" என்றேன்.

சாயங்காலம் போய் அந்தப் புதுக் கதவைத் தட்டினேன். உடனே திறக்கவில்லை. உள்ளே யாரோடு பேசிக்கொண்டிருந்தாளோ.