பவியோட விரதம்

ஆடி 5, செவ்வாய்

காலைல இருந்து மூட்டம். தறில ஓடற பாவு நூல்ல ஈரம் ஏறிக் கெடக்குது, இழை அறுந்துக்கினே இருக்குது. தறில உக்காந்ததே வீண்.

அம்மன் கோயில்ல கூழ். பவி (என் மக, காலேஜ் ரெண்டாம் வருசம்) தெருவுக்கே மொண்டு ஊத்தினா. ஊத்தி முடிச்சு அண்டாப் பக்கத்துலயே சுருண்டு விழுந்துட்டா. தண்ணி தெளிச்சு உக்கார வெச்சோம். எதிர்வீட்டம்மா: "விரதக்காரப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும். ஆத்தா சோதிக்கறா." என் சம்சாரம் மல்லிகாவுக்கு அதுல ஒரு பெருமை.

தூக்கினப்ப தெரிஞ்சுது. அவ முழுக்கை சட்டைக்குள்ள எலும்புதான். கொழந்தையத் தூக்கின மாதிரி இருந்துச்சு.

ஆடி 6, புதன்

யோசிச்சுப் பாத்தேன். திங்கள் சிவனுக்கு. செவ்வாய், வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்கு. நடுவுல பிரதோசம், சஷ்டி, கிருத்திகை. மிச்ச நாள்ல "காலேஜ்ல சாப்ட்டேம்மா". இப்ப ஆடி பொறந்ததுல இருந்து, மாசம் முடியற வரைக்கும் அன்னம் தொடமாட்டேன்னு கையில காப்பு. அவ சாப்பிட்டு நான் கடைசியாப் பாத்தது எப்போ? தெரியல. தகப்பன்னு பேரு.

பாவுல நீள முடி. அவளுது. கொத்தாக் கொட்டுது. நெய்யற புடவைக்குள்ள போயிடக் கூடாதேன்னு ஒவ்வொன்னா எடுத்தேன்.

தெருமுனை டாக்டர்: வயித்துல கேஸ், ரத்தம் கம்மி, டானிக். போன மாசமும் இதே டானிக்தான். "சோறே உள்ள போகலங்கறேன், டானிக் எதுக்கு சார்"னு கத்திட்டேன். அவர் மூஞ்சி சுருங்கிச்சு. அப்புறம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தார். மனநலப் பிரிவு. மல்லி சீட்டப் பாத்துட்டு, "என் பொண்ணு என்ன பைத்தியமா? வெளில தெரிஞ்சா யார் கட்டுவான்?"

பொடலங்கா வாங்கி வந்தேன். யாரும் சமைக்கல.

ஆடி 7, வியாழன்

பெரியாஸ்பத்திரி. மல்லி வரல. கூட்டம், வெயில், ஃபேன் ஓடல.

லேடி டாக்டர். சின்ன வயசு. பவிகிட்ட தனியாப் பேசினாங்க, ஈசிஜி எடுத்தாங்க, அப்புறம் என்னக் கூப்பிட்டாங்க. நாடி ரொம்ப மெதுவா அடிக்குதாம். இது திமிரும் இல்ல, பக்தியும் இல்ல, வியாதி. உடம்பையும் சாப்பாட்டையும் பாத்து மனசு பயப்படற வியாதி. குணமாகும், நாள் புடிக்கும். வேளை தவறாம கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும். திட்டக் கூடாது. குண்டு, ஒல்லின்னு பேச்சே எடுக்கக் கூடாது. மறுபடி மயங்கினா உடனே கூட்டியாந்து சேத்துடணும், இதயத்துக்கு ஆபத்து.

பவி அங்க எல்லாத்துக்கும் தலையாட்டினா. பஸ்ல: "காப்பு கட்டிக்கினு இருக்கறேன்பா. எப்படிப்பா முறிப்பேன்?"

சன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

ஆடி 8, வெள்ளி

கஞ்சி கூட வேணாங்கறா. மல்லி அவ பக்கம். "காப்பு கட்டிட்டு முறிச்சா குடும்பத்துக்கே ஆவாது. ஆடி போகட்டும்." "ஆடி போறதுக்குள்ள பொண்ணு போயிடுவாடி"ன்னுட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பூசாரியப் போய்ப் பாத்தேன். ஒடம்புக்கு முடியாத பொண்ணு விரதத்த பெத்தவங்க எடுத்துக்கலாம், வழக்கந்தான்னார். மூணு பேரும் போனோம். கற்பூரம் காட்டி, அவ கையில இருந்து அவுத்து என் கையில கட்டினார். மல்லி கண்ணு கலங்கிக் கும்பிட்டா. எனக்குப் பெரிய பாரம் எறங்கின மாதிரி. பவி மட்டும் வெறுங்கையப் பாத்துக்கினு நின்னா. முகம் செத்துப் போச்சு. ஏன்னு புரியல.

ஆடி 9, சனி

பசி. தறில நாடாவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்றப்ப கண்ணு இருட்டுது. காரணம் இல்லாம மல்லி மேல எரிஞ்சு விழுந்தேன்.

பவிக்கு இட்லி. பிட்டுப் பிட்டு தட்டோரத்துல ஒதுக்கறா. "விரதந்தான் எங்கிட்ட வந்துடுச்சே, சாப்பிடும்மா"ன்னேன். தட்டத் தள்ளி வெச்சுட்டுச் சொன்னா.

"அது விரதமே இல்லப்பா. சாமி பேரச் சொன்னா யாரும் ஏன்னு கேக்கல, அதான். சாப்ட்டா பயமா இருக்குது. எனக்கே நிறுத்தத் தெரியலப்பா."

மல்லி கரண்டியோட நின்னுட்டா. வாசல்ல எதிர்வீட்டம்மா குரல் குடுத்தாங்க. மல்லி போய் கதவச் சாத்திட்டு வந்து, பவி தலைய மடியில வெச்சுக்கினா. திட்டல. மூணு பேரும் அழுதோம்.

இட்லி அப்படியே இருந்துச்சு.

ஆடி 11, திங்கள்

மறுபடி பெரியாஸ்பத்திரி. மல்லியும் வந்தா. சனிக்கெழம சொன்னத பவி தானாவே டாக்டர்கிட்ட சொன்னா. வாரா வாரம் வரச் சொல்லியிருக்காங்க.

"கூட உக்காந்து யார் சாப்பிடறீங்க?"ன்னு டாக்டர். காப்பக் காட்டினேன். அவளுக்காக நான் விரதம்னு, கொஞ்சம் பெருமையாவே. "நீங்க பட்டினியா எதிர்ல உக்காந்தா அவ எப்படிங்க சாப்பிடுவா?"

வர வழியெல்லாம் அதே நெனப்பு. அவளுது விரதம் இல்ல, சரி. நான் ஆத்தா முன்னாடி நெசமாத்தானே கட்டிக்கினேன். மல்லி காதோரம், "முறிச்சுடாதீங்க, பயமா இருக்குது"ன்னா. எனக்கு மட்டும் பயம் இல்லயா?

சாயங்காலம் இட்லி. மூணு தட்டு எடுத்து வெக்கச் சொன்னேன். காப்பு கட்டின கையாலயே பிட்டு வாயில போட்டேன். ஆத்தா கோவிச்சுக்கறதுன்னா எம்மேல கோவிச்சுக்கட்டும். மல்லி வாயப் பொத்திக்கினா. அப்புறம் அவளும் உக்காந்தா.

பவி ஒன்னு முடிச்சுட்டா. ரெண்டாவது மேல கைய வெச்சுக்கினு அழறா. அழுதுக்கினே பிட்டுப் போட்டுக்கறா.