பதினெட்டுப் படிகளும் ஒரு தைலக் குப்பியும்

நீ வாங்கிக் கொடுத்த முட்டுவலித் தைலத்தை இன்றைக்குத்தான் திறந்தேன். மூடியைத் திருகியதுமே வீடெங்கும் கற்பூர வாசனை. "இத்தனை வருசமா வலிக்காத முட்டி இன்னைக்கு மட்டும் வலிக்கோ?" என்றாள் என் வீட்டுக்காரி. வலி முட்டியில் இல்லை. இருக்கிற இடத்தில் தைலம் தேய்க்க வழியில்லை.

தச்சநல்லூர்ப் பழைய பஞ்சுக் கிடங்கைச் சமகாலக் கலை அருங்காட்சியகமாக மாற்றும் வேலை, சிநேகிதா, கட்டடக் கலைஞனான உன் கைக்கு வந்தபோது, கட்டியது நீ, அளந்தது நான். ஊரெல்லாம் என் வாய்தான். ரம்பப் பல் போன்ற அந்தக் கூரை வடக்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும், பஞ்சின் நிறம் பார்த்துத் தரம் பிரிக்க அப்படிக் கட்டினார்கள், ஓவியத்துக்கும் அதுதான் தோது என்று நீ சொன்னதையெல்லாம் என் சரக்குபோல விற்றேன்.

தெருவைப் பார்த்த செங்கல் சுவரில், பொதி சுமந்தவர்கள் தாரால் தங்கள் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். "இந்த மியூசியத்துல மொதப் படம் இதுதாம்லே. இதைப் பூச விடமாட்டேன்" என்றாய்.

நானோ வாராவாரம் யாரையாவது கிண்டல் செய்து பத்தி எழுதிப் பிழைப்பவன். திறப்பு விழா முடிந்த வாரம் கைவசம் ஆள் இல்லை. டவுன் பஸ் ஜன்னல் வழியே உன் சுவர் தெரிந்தது. போதாதா? 'கொத்தனார் பாதியில் ஓடிப்போன கட்டடம்' என்று தலைப்பு வைத்தேன். உள்ளே போய் வந்தவன்போலக் காட்ட, 'மாடிப்படி ஏறி முட்டி கழன்றதுதான் நான் கண்ட கலை' என்று முடித்தேன்.

டீக்கடைகள் சிரித்தன. அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்களுக்கு மானம் போய்விட்டது. பத்தே நாளில் சுவரைப் பூசி வெள்ளையடித்துவிட்டார்கள். நீ எவ்வளவோ மன்றாடியும் கேட்கவில்லையாம்.

அதன் பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தாய். சண்டைக்குத் தயாராக இருந்தேன். நீ காபியை ஆற்றியபடி கேட்டாய்: "எத்தனை படிலே ஏறுன?"

"பதினெட்டு. எண்ணிக்கிட்டேதான் ஏறுனேன்." ஐயப்ப சீசன், வாயில் அதுதான் வந்தது.

"முட்டி ரொம்ப வலிக்கோ?"

"வலிக்கு."

தலையாட்டிவிட்டு, பையிலிருந்து இந்தக் குப்பியை எடுத்து வைத்தாய். எவ்வளவு நல்லவன் என்று உன்னைப் பற்றி அன்றைக்கு நான்கு பேரிடம் புகழ்ந்தேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. "அவுக கட்டுனதை ஒருதரம் பாக்கணும் அண்ணாச்சி" என்று உன் வீட்டு மதினி கேட்டதால் இன்று ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியிலேயே எச்சரித்தேன்: "பதினெட்டுப் படி இருக்கு மதினி, பைய ஏறணும்."

உள்ளே படியே இல்லை. அந்தக் காலத்தில் பொதிகளை உருட்டி ஏற்றிய சரிவுதான் மேல்தளம் வரை போகிறது. அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறாய். மதினி கைப்பிடியைப் பிடித்து ஏறினார். நான் கீழேயே நின்றேன்.

திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "நீங்க எழுதுனதைப் படிச்ச அன்னைக்கே அவுக சொன்னாக அண்ணாச்சி. 'படியே இல்லாத இடத்துல ஏறிப் பாவம் முட்டி வலிச்சிருக்கு'ன்னு. தைலம் வாங்கத்தான் எந்திரிச்சுப் போனாக."

வெளியே வந்து சுவரோரம் நின்றேன். காவலாளி அலுத்துக்கொண்டார்: "எத்தனை தடவ வெள்ளையடிச்சாலும் அந்தத் தார் ஊறிட்டே வருது சார்." பாதிப் பெயர்கள், பழுப்பாக, மேலே வந்துகொண்டிருந்தன.

உன் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதிலை மட்டும் திருத்திக்கொள்.

ஒரு படிகூட ஏறலலே. நான் பஸ்ஸை விட்டே இறங்கல.