புல் சாதி எதையும் விடாத பூச்சி

ஐப்பசி 6, செவ்வாய்
மூட்டம். மழை இல்லை. நைனார்பாளையத்துக் கொல்லை முழுக்க மக்காச்சோளக் குருத்தில் ஓட்டை. பிரித்தால் உள்ளே மரத்தூள் மாதிரி புழுக்கை. அமெரிக்கன் படைப்புழுவாம். அவ்வளவு தூரம் வந்ததற்கு என் கொல்லைதான் கண்ணில் பட்டதா?

விவசாய ஆபீஸர் மருந்தடிக்கச் சொன்னார். என் பெண்டாட்டி செல்வி விடவில்லை. “மருந்து அடிச்சா மாட்டுக்கு இன்னாத்த போடறது?”

குருத்துக் குருத்தாக மணலும் சுண்ணாம்பும் போட்டோம். விரல் இடுக்கெல்லாம் எரிகிறது.

ஐப்பசி 8, வியாழன்
லைட்டடியில் அந்தப் புழுவின் தாய்ப்பூச்சி ஒன்று விழுந்தது. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். சாம்பலும் பழுப்புமாக முன்னிறக்கை, நுனியில் வெள்ளைத் திட்டு. பின்னிறக்கை வெளுப்பு. திட்டு இருந்தால் ஆண். பெண்ணுக்கு அதுவும் இல்லை, வெறும் மங்கல். பார்க்க ஒன்றுக்கும் ஆகாத ஜென்மம்.

ஆபீஸர் போனில் சொன்னது: ம.சோளம், சோளம், கம்பு, நெல், கரும்பு. புல் சாதி எதையும் விடாது. ஒரே ராத்திரியில் பல ஊர் தாண்டும்.

மலை ஏறாது என்று நினைக்கிறேன். வெள்ளிமலையில் கூட்டாளி சடையன் விளைச்சலில் பங்கு வாரத்துக்கு நிலம் விடுகிறேன் என்றிருக்கிறான். சாமை போடலாம். இல்லாவிட்டால் திருப்பூர்தான். செல்வியின் அண்ணன் பனியன் கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். நாள் பூரா கூரைக்கடியில் நிற்க என்னால் ஆகாது. பயமாக இருக்கிறது.

உப்பு, தீப்பெட்டி வாங்க மறந்தேன். செல்வியிடம் திட்டு.

ஐப்பசி 11, ஞாயிறு
பஸ்ஸில் வெள்ளிமலை. கொண்டை ஊசி வளைவுகளில் பின்சீட்டுக்காரர் வாந்தி. மேலே நல்ல குளிர். சடையனின் ம.சோளத்தில் அதே ஓட்டை. பக்கத்துச் சாமைத் தாளிலும் கடி.

“இன்னாடா, இங்கியும் வந்துடுச்சா?”

“போன வாரத்துலேந்து தின்னுக்கினு கீது. நானே கெளம்பலாமான்னு பாக்குறேன். நீ வந்து இன்னா பண்ணப் போற?”

டீ வாங்கிக் கொடுத்தான்.  கடைசி பஸ்ஸில் மலை இறங்கினேன்.

ஐப்பசி 13, செவ்வாய்
சுள்ளென்று வெயில். திருப்பூருக்குச் சொல்லியாகிவிட்டது. மாட்டை விற்றாயிற்று, ஓட்டிப்போக நாளை ஆள் வருகிறான்.

செல்வி: “மாடாச்சும் வயிறார மேயட்டும். அவுத்து வுடுங்க.”

கயிற்றை அவிழ்த்துக் கொல்லைக்கு ஓட்டினேன். வரப்போடு நின்றுவிட்டது. பயிரில் வாய் வைத்ததற்கு என்னிடம் வாங்காத அடியா? “போ” என்றேன். கழுத்தைத் தள்ளினேன். நகரவில்லை. குச்சி இல்லாத என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.