உங்கப்பாவுக்குக் குழாயை எடுத்துட்டாங்க

அன்பு மக சோனியாவுக்கு, அம்மா எழுதுறது. ஆண்டவர் தயவுல நாங்க சொகம், இந்தத் தடவ நெசமாவே சொகம், மஸ்கட்டுல நீயும் அப்படியே இருக்கணும்னு ஜெபம் பண்றேன். போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்புறேன். உங்கப்பா நெஞ்சுல சொருவியிருந்த குழாயை எடுத்துட்டாங்கடி, ஊட்டுக்கும் வந்துட்டோம்!

நடந்த கூத்த முழுசா கேளு. நிமோனியான்னு டாக்டரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு இல்ல, காய்ச்சல் எறங்கினதும் இந்த மனுஷன் மீதிய டிபன் பாக்ஸோட கம்பெனிக்கு எடுத்துக்கினு போயி, கூட ஃபர்னஸ் உலையில இருமிக்கினு நின்ன லோகுக்குக் குடுத்துட்டாரு. ஷிஃப்ட்டுல சோத்தப் பங்கு போட்டுத் துன்ற பழக்கம், மாத்திரையையும் பங்கு போட்டாச்சு! லோகு எப்படியோ தப்பிச்சுக்கினான், உங்கப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்து, ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேச மூச்சு இல்ல. நுரையீரலச் சுத்திச் சீழு கட்டிக்கிச்சு, குழாயில வடியலன்னா நெஞ்சத் தொறந்துதான் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ வேலய உட்டுட்டு வரேன்னப்ப வேணாம்னு தைரியமா பேசினேன் பாரு, போன வெச்சுட்டு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல ஓன்னு அழுதேன். குழாயிலருந்து சீழு வடியுற அந்தப் பாட்டில நான் பாத்த மாதிரி அடுப்புல வெச்ச பாலக்கூடப் பாத்ததில்ல. எக்ஸ்ரே பாத்து நுரையீரல் நல்லா விரிஞ்சிடுச்சும்மான்னு சொன்னாங்களா, வார்டுலயே குதிச்சுட்டேன், நர்ஸு பொண்ணு என்ன வெளிய தள்ளிக் கதவ சாத்திடுச்சு!

இப்ப மூச்ச இழுத்தா மூணு பந்து ஒண்ணொண்ணா மேல ஏறுற பிளாஸ்டிக் சாமான் ஒண்ணு குடுத்திருக்காங்க. லோகு தெனமும் வந்து பந்தயம் கட்டுறான். மூணாவது பந்து ஏறாம உங்கப்பா முழிக்கிற முழி இருக்கே, ஐயோ! நேத்து சந்தோசத்துல கறிக்கொழம்புக்கு உப்பு போட மறந்துட்டேன். இன்னா ஹெலன், இத மனுஷன் துன்னுவானா, ஆஸ்பத்திரி கஞ்சியே தேவல போலக்கீதேன்னு நடுவுல மூச்சு வாங்காம ஒரே தம்முல கத்தினாரு. இன்னொரு வாட்டி திட்டுங்கன்னு கேட்டேன். எனக்குக் கிறுக்குப் புடிச்சுடுச்சுன்னு பயந்துட்டாரு.

கிறிஸ்மஸுக்கு வா, அழறதுக்கு இல்ல, துன்றதுக்கு. டாக்டரு மாத்திரை குடுத்தா கடைசி மாத்திர வரைக்கும் நீயே முழுங்கு, ஒருத்தருக்கும் தானம் பண்ணாத. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாரு. இதோ, காப்பி எங்கன்னு உள்ள இருந்து கத்துறாரு. கத்தட்டும், இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கினு இருக்கேன்.

உன் அம்மா,
ஹெலன் ஸ்டீபன்
கும்மிடிப்பூண்டி